போகிக்குப் போன ஊர்

நியூ ஜெர்சியில் ஒரு தமிழன் வீடியோ கேம் பெட்டி வாங்க நினைத்தால் பெண்டாட்டியைக் கேட்கமாட்டான், பேங்க் பேலன்ஸைப் பார்க்கமாட்டான். பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிற நஞ்சுண்டனுக்கு போன் போடுவான். "புதுசு வந்திருக்காமே, வாங்கலாமா?" நஞ்சுண்டன் இதுவரை ஒருத்தருக்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஜோசியரிடம் போய் எனக்கு ஏதாவது தோஷம் இருக்கிறதா என்று கேட்பதும் இவரிடம் போய் இதைக் கேட்பதும் ஒன்றுதான்.

எனக்கு அவர் எதிர்வீட்டுக்காரர். என் பெயர் விசாலாக்ஷி, தொழில் பார்மசிஸ்ட். பழைய மாத்திரைக்குப் புது நிறம் பூசிப் புதுப் பெயர் வைத்து விற்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவள். 'நியூ ஜெனரேஷன்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு எதிர்வீடு.

நஞ்சுண்டனுக்கு ஊர் பொள்ளாச்சி. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, ஆன்சைட் என்று ஜெர்சி சிட்டிக்கு வந்து, ஒரே அபார்ட்மென்டில் ஐந்தாறு பேரோடு பொங்கித் தின்று, ஊருக்குப் போய் சாந்தாமணியைக் கட்டிக்கொண்டு திரும்பி, கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்று தலைமுடி கொட்டி, கடைசியில் இங்கே வீடு வாங்கினார். இந்தத் தெருவில் எல்லோருக்கும் இதே கதைதான், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நஞ்சுண்டன் ஒரு வங்கியில் டேட்டா மைக்ரேஷன் லீட். பழைய கம்ப்யூட்டரில் இருப்பதை ஒரு வரிகூடச் சிந்தாமல் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. அதில் மனுஷர் கெட்டிக்காரர், பொய் சொல்லக்கூடாது. "பேக்கப் எடுக்காம ஒரு துரும்பக்கூடத் தொடக்கூடாதுங்க" என்று கல்யாண ரிசப்ஷனில் பந்தியில் உட்கார்ந்துகூட உபதேசம் செய்வார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வயிறெரியப் பயன்படும்.

அவர் வீட்டு பேஸ்மென்டில் எல்லாத் தலைமுறைப் பெட்டிகளும் வந்து போயிருக்கின்றன. வெளியான அன்றைக்கே வாங்கிவிடுவார். வாங்கி, அப்டேட் போட்டு, காபி ஆறும் நேரம் விளையாடிவிட்டு, அணைத்துவிடுவார். ஒரு ஆட்டத்தையும் கடைசிவரை ஆடியவர் இல்லை. அவருக்கு வேண்டியது ஆட்டமே இல்லை, வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு காட்சி. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் ஒரு தீபாவளி பாட்லக்கின்போது என்னையும் கீழே அழைத்துப் போனார். பெரிய டிவியில் ஒரு புல்வெளி.

"அந்தப் புல்லப் பாருங்கக்கா. ஒவ்வொரு புல்லும் தனித்தனியா அசையுதுங்க. போன ஜெனரேஷன்ல இப்பிடி வராதுங்க."

"உங்க வீட்டு லான்லயும் அசையறதே. அத என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?"

"அது புல்லு வெட்டற லேண்ட்ஸ்கேப்பர் பாத்துக்குவானுங்க" என்றார் சீரியஸாக.

புதுசு வாங்கலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெட்டி முன்னைவிடப் பெரிது, உள்ளே டிஸ்க் போட இடம் கிடையாது. விலை கொடுத்து வாங்கும் ஆட்டத்தின் டப்பாவைத் திறந்தால் ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கும். ஆட்டம் இன்டர்நெட்டில் இறங்க ஒரு சாயங்காலம் ஆகும், இறங்கியதும் அப்டேட் கேட்கும், அப்டேட் முடிந்ததும் மாதச் சந்தா கேட்கும். இத்தனையும் தாண்டி உள்ளே போனால் போன பெட்டியில் ஆடிய அதே ஆட்டம் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். பழைய கள், புது மொந்தை. மொந்தைக்குத்தான் விலை.

அந்த வீட்டில் பழசு என்று ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது. நஞ்சுண்டனின் மகள் ஓவியாவின் சின்னப் பெட்டி, கையிலும் வைத்து ஆடலாம், டிவியிலும் மாட்டலாம். அந்தப் பெட்டிக்குப் பல வருஷமாக அடுத்த தலைமுறை வரவில்லை, அதனால் அப்பா கையில் சிக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தது. ஓவியாவுக்குப் பன்னிரண்டு வயது. அதில் அவள் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடுவாள். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒரு தீவில் ஊர் கட்டுகிற ஆட்டம். மரம் நடலாம், பாதை போடலாம், வீடு கட்டலாம், களை பிடுங்கலாம்.

அந்த ஊரை அவள் தனியாகக் கட்டவில்லை. மாளவிகா என்று ஒரு பெண் இருந்தாள், அனந்தராமன் ஷ்யாமளா தம்பதியின் மகள், அடுத்த தெரு. இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி திரியும். மூன்று வருஷமாக இரண்டு பேரும் நஞ்சுண்டன் வீட்டு பேஸ்மென்ட் சோபாவில் உட்கார்ந்து கட்டிய ஊர் அது. போன வருஷம் அனந்தராமனுக்கு வேலை போயிற்று. விசா கெடுவுக்குள் வேறு வேலை கிடைக்கவில்லை. வீட்டைக் காலி செய்து, காரை விற்று, குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார்கள். விமானம் ஏறுவதற்கு முதல் நாள் இரண்டு பெண்களும் அழுதுகொண்டே மாளவிகாவின் வீட்டு வாசலிலிருந்து ஓவியாவின் வீட்டு வாசல்வரை எலுமிச்சை மரங்களை வரிசையாக நட்டார்கள். நிஜத் தெருவில் இல்லை, அந்தத் தீவில்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் மாளவிகா அந்த ஊருக்கு வருவாள். நமக்குச் சனி சாயங்காலம் என்றால் சென்னையில் ஞாயிறு விடிகாலை. அந்தப் பெண் அலாரம் வைத்து எழுந்து, தன் பெட்டியிலிருந்து ஓவியாவின் தீவுக்குப் பறந்து வந்து அங்கே இருக்கும் ஏர்போர்ட்டில் இறங்குவாள், ஓவியா உள்ளேயிருந்து அதைத் திறந்துவிட வேண்டும். மார்கழி பிறந்ததும் தீவிலிருக்கும் தன் வீட்டு வாசலில் கட்டம் கட்டமாகக் கல் பதித்துக் கோலம் வேறு போட ஆரம்பித்தாள். போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே ஆடுவார்கள். மாளவிகா சென்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு தமிழில்தான் பேசுவேன் என்று அடம்பிடித்தாள். விளைவு, வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் ஓவியா அந்த ஊருக்குள் மட்டும் தமிழ் பேசினாள். வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குக் காரோட்டியும் நடக்காத காரியம் அது. சாந்தாமணி கதவோரம் நின்று கேட்டுவிட்டு வந்து என்னிடம் பூரித்துப்போவாள்.

அந்த ஊர் முழுக்க அந்தப் பழைய பெட்டிக்குள் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை.

இப்போது போகிக்கு வருவோம். இங்கே பண்டிகைகள் பஞ்சாங்கப்படி வராது, வாரக்கடைசியில்தான் வரும். புதன்கிழமைப் போகி முந்தின சனிக்கிழமைக்கு நகர்ந்துவிடும், பொங்கல் ஞாயிற்றுக்கிழமை கொதிக்கும். சூரிய பகவானும் பேசாமல் ஒத்துக்கொண்டுவிட்டார். பழசை எரிக்கலாம் என்று தெருவில் தீ மூட்டினால் ஃபயர் டிரக் வந்துவிடும். ஆகவே நஞ்சுண்டன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். போகியன்று வீட்டிலிருக்கும் பழைய எலக்ட்ரானிக் சாமான்களையெல்லாம் எஸ்யூவியில் ஏற்றுவார், உதவாததை ரீசைக்கிளிங்கில் போடுவார், உதவுவதை ரூட் 22-இல் இருக்கும் கேம் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசோடு திரும்புவார். சாஸ்திரமும் ஆயிற்று, ஷாப்பிங்கும் ஆயிற்று. "பழசக் கழிக்கோணுமுங்க, அதானுங்க சம்பிரதாயம்" என்பார். போகியை இத்தனை சிரத்தையாகக் கொண்டாடும் மனிதரைப் பொள்ளாச்சியிலேகூடப் பார்க்க முடியாது.

இந்த வருஷம் சின்னப் பெட்டிக்கும் புதுத் தலைமுறை வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்தார். "அக்கா, பழசு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்னிடம் செத்துப்போன ஒரு மைக்ரோவேவ் இருந்தது. எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் கூடவே ஏறிக்கொண்டேன். வாசலில் சாந்தாமணி நின்றாள், கையில் போளி மாவு.

"ஏனுங்க, அது புள்ளையோட சாமான். நீச்சல் கிளாஸ் முடிஞ்சு வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு எடுத்துட்டுப் போங்க."

"சர்ப்ரைஸ்ல கேட்டுப்போட்டு எப்பிடிப் பண்றது? எல்லாம் கிளவுட்ல இருக்குது, நீ போய் போளியப் பாரு."

கிளவுடாம். வானத்து மேகத்தையே நம்பி மழை பெய்யும் என்று சொல்ல முடியவில்லை.

கடையில் கவுண்டரின் அந்தப் பக்கம் இருந்த இளைஞன் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டியதை மாற்றிக்கொண்டுவிட்டீர்களா, அழித்துவிடலாமா என்று கேட்டான். நஞ்சுண்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இது என் தொழில், நானே அழிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஆம் என்றார். அழித்தால் திரும்பக் கிடைக்காது, நிச்சயமா என்று மறுபடி கேட்டது. அந்த ஜடத்துக்கு இருந்த அக்கறை! "டேட்டா செக்யூரிட்டி முக்கியமுங்கக்கா" என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டே அதற்கும் ஆம் என்று அழுத்தினார். நான் சாட்சி.

சாயங்காலம் போகி விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது ஓவியா நீச்சல் ஈரத்தலையோடு பேஸ்மென்டில் நின்றுகொண்டிருந்தாள். டிவியின் கீழே புதுப் பெட்டி பளபளத்தது. நஞ்சுண்டன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றார்.

"வேர் இஸ் மைன்?" என்றாள் ஓவியா.

"இதானுங்க கண்ணு உன்னோடது. புதுசு! இங்க பாரு, புல்லப் பாரு, எப்பிடி அசையுது."

அவள் புல்லைப் பார்க்கவில்லை. தன் பெயரைப் போட்டு உள்ளே போனாள். பெயர் இருந்தது, வாங்கின ஆட்டம் இருந்தது. ஆட்டத்தைத் திறந்தாள். மனித வாடையே இல்லாத ஒரு தீவு, நடுவில் ஒரு கூடாரம். புதிதாகக் குடியேற வந்தவரே வருக என்று வரவேற்றது. உங்கள் ஊருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டது.

அந்த ஆட்டம் அப்படி. மற்றதெல்லாம் தானாக மாறும், கட்டிய ஊர் மட்டும் பெட்டியிலேயே தங்கும். பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமாகத்தான் மாற்ற வேண்டும். கம்பெனியே அதை எழுதியும் வைத்திருக்கிறது. ஊரார் டேட்டாவை எல்லாம் பத்திரமாக மாற்றுகிறவர் தன் வீட்டு டேட்டாவுக்கு வந்தபோது அந்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை.

ஓவியாவின் போன் அடித்தது, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள். மாளவிகா. "ஏய், ஏர்போர்ட் மூடியிருக்குன்னு வருதுடி. திறடி சீக்கிரம், மார்கழி கடைசிக் கோலம் போடணும்."

ஓவியா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. போனை அணைத்தாள், கன்ட்ரோலரை அப்பா கையில் ஒப்படைத்தாள், "தேங்க் யூ ஃபார் தி கிஃப்ட்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பதில் கத்தியிருக்கலாம்.

சாந்தாமணிதான் கத்தினாள். "கேளுங்கன்னு சொன்னேனா இல்லியா? ஊருக்கெல்லாம் பேக்கப் பேக்கப்புன்னு பஜனை பாடறீங்களே, எம் புள்ளைக்கு இருந்த ஒரே தோழியையும் குப்பையில போட்டுட்டு வந்திருக்கீங்களே!"

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் போளியைத் தொடவில்லை.

மறுநாள் பொங்கல். பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் நஞ்சுண்டன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கடைக்குப் போகவேண்டும், கூட வரச் சொன்னார். சாட்சி வேண்டுமோ, துணை வேண்டுமோ, எனக்குத் தெரியாது. கடை திறக்கும் முன்னாலேயே போய் வாசலில் நின்றோம். பனி பெய்துகொண்டிருந்தது. அதே இளைஞன் வந்து ஷெல்ஃபிலிருந்து அதே பெட்டியை எடுத்துக் கொடுத்தான். ஓவியா ஒட்டிய எலுமிச்சம்பழ ஸ்டிக்கரின் பாதி இன்னும் அதில் இருந்தது. நஞ்சுண்டன் அங்கேயே அதை உயிர்ப்பித்தார். வெறுமை. ஏதாவது ஒரு மூலையில் மிச்சம் இருக்குமா, ரிகவர் பண்ண முடியுமா என்று கேட்டார். அந்தப் பையன் சும்மா சொல்லக்கூடாது, மரியாதையானவன். வாய்ப்பே இல்லை சார், நீங்கள் ரொம்பச் சுத்தமாக அழித்திருக்கிறீர்கள் என்றான்.

தொழிலில் அவருக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே அதுதான் உண்மையான பாராட்டு.

அந்தப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். சோமர்வில் தாண்டும்போது, "அக்கா, அதுல இருந்தது ஒரு விளையாட்டுத்தானுங்களே?" என்றார். என் வாயிலிருந்து இல்லை என்று வரவேண்டும், ஆமாம் என்றும் வரவேண்டும், இரண்டும் வேண்டும் அவருக்கு.

"மாளவிகாவுக்கு அமெரிக்காவில இருந்த கடைசி வீடு அது. அதையும் காலி பண்ண வெச்சுட்டீங்க" என்றேன். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. இப்போதும் முழுசாக வரவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஓவியாவின் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. சனிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டாள். சென்னையிலிருந்து மாளவிகா சில வாரம் கூப்பிட்டுப் பார்த்தாள். இவள் எடுத்தாலும் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கைக்கு வேலை இருந்தபோது வாய் தானாகப் பேசியது, வேலை போனதும் பேச்சும் போயிற்று. அப்புறம் போன் வருவது குறைந்தது. ஷ்யாமளா என்னிடம் போனில், "இப்பல்லாம் அவ ஞாயித்துக்கிழமை விடிகாலைல நன்னா தூங்கறா மாமி, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள்.

நஞ்சுண்டன் என்ன செய்தார் தெரியுமா? விளையாட ஆரம்பித்தார். ஆபீஸ் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பேஸ்மென்டுக்கு இறங்கி, பழைய பெட்டியைப் போட்டு, அந்தக் காலித் தீவில் முதலிலிருந்து ஊர் கட்ட உட்கார்ந்தார். ஒரு ஆட்டத்தையும் முடிக்காத மகானுபாவர். கோடாலி எங்கே கிடைக்கும் என்று தெரியாது. பாலம் கட்டுகிறேன் என்று ஆற்றுக்கு நேராக வேலி போட்டார். சாந்தாமணி பரிமாறிய சாப்பாடு மேஜையில் ஆறும். மேலே படிக்கட்டில் நின்று அவள் முறைப்பாள், கூப்பிடமாட்டாள்.

பல நாள் இப்படி நடந்தது. ஒருநாள் நான் சாந்தாமணியிடம் ரசப்பொடி வாங்கப் போயிருந்தேன். ஓவியா தண்ணீர் எடுக்க வந்தவள் சமையலறையை ஒட்டிய பேஸ்மென்ட் படியில் நின்றுவிட்டாள். கீழே டிவியில் நஞ்சுண்டனின் பொம்மை ஓடிக்கொண்டிருந்தது.

"யூ ஆர் ஸ்டெப்பிங் ஆன் தி ஃப்ளவர்ஸ்" என்றாள்.

அவர் உடனே நின்றார். பொம்மையும் நின்றது. "எலுமிச்சை மரம் எங்கிருந்து எங்க வரைக்கும் இருந்துச்சு கண்ணு? எனக்குத் தெரியாமப் போச்சு. நான் ஒருநாளும் பாக்கலையே."

ஓவியா இரண்டு படி இறங்கினாள். அப்புறம் இன்னும் இரண்டு படி. "அங்க இல்ல" என்றாள். அவ்வளவுதான். கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள். சமையலறையில் சாந்தாமணி ரசப்பொடி டப்பாவை மூட மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொம்மைக்கு அவர் வைத்திருந்த பெயரையும் ஓவியா அன்றைக்கே மாற்றிவிட்டாள். வங்கியில் லீட், தீவில் 'இன்டர்ன்'. இரண்டு பேர் ஆட இரண்டு கன்ட்ரோலர். அவர் கையில் இருப்பதில் என்னென்ன அனுமதி என்று அவள்தான் முடிவு செய்வாள்.

மாளவிகாவைத் திரும்ப வரவழைக்க மேலும் ஒரு மாதம் பிடித்தது. அந்தச் சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன், வேண்டுமென்றேதான் போயிருந்தேன். ஏர்போர்ட் திறந்தது. மாளவிகாவின் பொம்மை வந்து இறங்கி நாலு பக்கமும் பார்த்தது. பாதை பாதியில் நின்றது. எலுமிச்சை இன்னும் கன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வீடு பழைய இடத்தில் நின்றது, வாசல் காலியாக இருந்தது, கோலத்துக்கு.

அப்போது நஞ்சுண்டனின் போன் அடித்தது. ஜெர்சி சிட்டியிலிருந்து நெடுஞ்செழியன், வேறு எதற்கு, அடுத்த பெட்டியைப் பற்றிக் கேட்கத்தான். "ஏங்க, புதுசு ஒண்ணு வருதாமே, வாங்கலாமா?" என்று ஸ்பீக்கரில் கத்தினார்.

"இப்பப் பேச முடியாதுங்க. வேலையா இருக்கறேன்" என்று நஞ்சுண்டன் வைத்துவிட்டார். பொய் இல்லை. தீவின் ஓரத்தில் குனிந்து குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அது மாளவிகாவின் கண்ணில் பட்டுவிட்டது. "யாருடி அது, அந்த ஓரத்துல? இன்டர்ன்னு போட்டிருக்கு?"

ஓவியா அப்பா பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் தமிழில் சொன்னாள்.

"புது ஆளு. களை பிடுங்க மட்டும்தான் விட்டிருக்கேன். வேற எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

நஞ்சுண்டன் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த களைக்கு நகர்ந்தார். அந்தப் பழைய பெட்டியில் புல் அசையவே அசையாது.